ஸ்வெட்டர் யோக் (கழுத்தைச் சுத்தி தோள் வரைக்கும் வர்ற பகுதி) சுருங்குது, பிரிச்சிடவா?

குன்னூர்ல ஒரு வாரமா விடாத மழை. காலையில பழைய பைண்டு தொடர்கதை, மதியம் ஸ்வெட்டர்னு போகுது. (படிச்சுக்கிட்டே பின்னி ரெண்டு தடவை கண்ணி எண்ணிக்கை தப்பினது தனிக்கதை.)

கழுத்துல ஆரம்பிச்சு கீழே இறங்குற வட்ட யோக். 4 மி.மீ. வட்ட ஊசி, 10 செ.மீ.க்கு 20 கண்ணி. 88ல தொடங்கி 132, 198, 264னு கூட்டியாச்சு. கடைசிக் கூட்டலுக்கு முன்னாடி வெள்ளை, சாம்பல் ரெண்டு நூல்லயும் ஆறு சுற்று பூவேலை. அங்கதான் சிக்கல். புடவைக் கொசுவம் மாதிரி சுருங்கி நிக்குது. திருப்பிப் பார்த்தா பின்னாடி ஓடுற நூல் வீணைத் தந்தி கணக்கா விறைப்பு. சில இடத்துல ஏழு கண்ணி தாண்டி ஓடுது.

கம்பளின்னா நனைச்சு விரிச்சுக் காயவச்சா ஓரளவு தளரும். என்னோடது முழு அக்ரிலிக்!

கைக்கு 48, 48 ஒதுக்கி, அக்குள்ல 12 சேர்க்க வேண்டிய இடத்துல நிக்கிறேன். பூவேலை வரைக்கும் பிரிச்சிடவா? அந்தச் சுற்றுகளை மட்டும் 4.5 ஊசியில போட்டாப் போதுமா, இல்ல உள்பக்கத்தை வெளியே திருப்பி வச்சுப் பின்னணுமா? செஞ்சு பார்த்த அக்காக்கள் சொல்லுங்க. பின்பக்கப் படம் போட்டிருக்கேன்.