பொருள்: கருவிக்கு ஒரு சொல், காற்றுக்கு ஒரு சொல் - அவசரம்

கிண்டி:
அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை செயல்முறை வகுப்பு. அதற்குள் செயற்கைக்கோள் படங்களைப் பற்றிய கையேடு அச்சேற வேண்டும். கருவி பதிவுசெய்யும் எண்ணை ஒளியின் அளவாக்கும் ரேடியோமெட்ரிக் கேலிப்ரேஷனுக்குக் ‘கதிரளவுத் திருத்தம்’, இடையிலுள்ள காற்று படத்தில் உண்டாக்கும் மாற்றத்தை அகற்றும் அட்மாஸ்பியரிக் கரெக்‌ஷனுக்கு ‘வளிமண்டலத் திருத்தம்’ என்று வைத்திருக்கிறோம். இரண்டிலும் ‘திருத்தம்’ வருவதால், முதலாவது முடிந்ததுமே படம் திருந்திவிட்டதாக மாணவர்கள் நினைக்கிறார்கள். லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள எண்ணை 0.00002-ஆல் பெருக்கி, 0.1 கழித்து, சூரிய ஏற்றக் கோணத்தின் சைனால் வகுத்தால் கிடைப்பது வளிமண்டலத்துக்கு மேலுள்ள எதிரொளிப்பு மட்டுமே. செம்பரம்பாக்கம் ஏரி நீலப் பட்டையில் (நீல ஒளியை மட்டும் பதிந்த படத்தில்) அப்போதும் வெளிறித்தான் தெரியும்.

மயிலாப்பூர்:
முதலாவதற்குச் ‘சீர்தூக்கல்’. குறள் 118-இலேயே இருக்கிறது: ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’.

தாம்பரம்:
ஐயா, அந்தக் குறளே உங்களுக்கு எதிர்ச்சாட்சி. கோல் முதலில் தான் சமனாக நிற்கிறது, பிறகுதான் சீர்தூக்குகிறது. உள்விளக்கு, சூரிய ஒளியைச் சிதறவிடும் பலகை, லிபியா 4 பாலைவனத் தளம் என்று தெரிந்த ஒளியைக் காட்டிக் கருவியைச் சரிபார்ப்பது ‘சமன்செய்தல்’.

மயிலாப்பூர்:
‘சமன்’ வடசொல். ‘துலைநேர்ப்பு’ எனலாம்.

வேளச்சேரி:
‘துலை’ மட்டும் பொருநைக் கரையில் முளைத்ததா? சண்டையை விடுங்கள். ‘சமன்செய்தல் சமன்பாடு’ என்று ஒரு வரி வந்தால் மாணவர் கதி என்ன? தெரிந்த அளவோடு ஒப்பிடுவதால் ‘அளவொப்பு’ போதும்.

தாம்பரம்:
சரி. இரண்டாவதற்கு ‘வளிநீக்கம்’?

வேளச்சேரி:
வேண்டாம், வெற்றிடம் உண்டாக்குவதுபோல் இருக்கிறது. நீக்குவது விளைவை. காற்று மூலக்கூறுகளின் சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம். அதனால்தான் நீலப் பட்டை அதிகம் கெடுகிறது. தூசிப்படலமும் நீராவியும் நாளுக்கு நாள் மாறும். ‘வளிமண்டல விளைவுநீக்கம்’ என்றே எழுதுங்கள். படத்தின் மிக இருண்ட புள்ளியின் மதிப்பை எல்லாப் புள்ளிகளிலிருந்தும் கழிக்கும் கரும்புள்ளிக் கழிப்பு முறைக்கும் கையேட்டில் ஓர் எச்சரிக்கை தேவை: படத்தின் ஓரத்திலுள்ள வெற்று 0-க்களை மறைக்காவிட்டால் அவையே மிக இருண்ட புள்ளியாகிவிடும், கழிப்பதற்கு எதுவும் இராது. அதிகம் கழித்தாலோ நீர்ப்பரப்பில் எதிரொளிப்பு எதிர்மறையாகும். லேண்ட்சாட்டின் இரண்டாம் நிலைத் தரவு (லெவல் 2) ஏற்கெனவே விளைவு நீக்கியது, அதற்கு 0.0000275-ஆல் பெருக்கி 0.2 கழித்தால் போதும், மறுபடி நீக்கக் கூடாது.

கிண்டி:
நேரமில்லை. ‘அளவொப்பு’, ‘வளிமண்டல விளைவுநீக்கம்’ இரண்டும் அச்சுக்குப் போகின்றன. தாம்பரத்தாரும் சம்மதித்துவிட்டார்.

மயிலாப்பூர்:
நான் சம்மதிக்கவில்லை என்பதையும் பதிவு செய்யுங்கள். ‘அளவொப்பு’ என்றால் ஒப்புக்கு அளந்தது என்றுதான் காதில் விழுகிறது.