பெரிய டேபிளில் ஸ்கீமா மாற்றம்: டெப்ளாய்மென்ட் பைப்லைனே ஓட்டலாமா, டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) ஓட்ட வேண்டுமா?

இணைப்பான் (கேள்வி)

டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 15. ஆர்டர் டேபிளில் சுமார் 30 கோடி ரெக்கார்டு. 'சேனல் ஐடி' என்று புதிய நெடுவரிசை வேண்டும்: நாட் நல் (காலியாக இருக்கக் கூடாது), சேனல் டேபிளுக்கு ஃபாரின் கீ (அங்கே உள்ள ஐடி மட்டுமே வரலாம்), கூடவே தேடலுக்கு ஓர் இண்டெக்ஸ். பழைய ரெக்கார்டுகளுக்கு வேறொரு நெடுவரிசையைப் பார்த்து மதிப்பு நிரப்ப வேண்டும்.

டெவலப்பர்கள் சொல்வது: மைக்ரேஷன் ஃபைல் (ஸ்கீமாவை, அதாவது டேபிள் அமைப்பை மாற்றும் கட்டளைகள்) ரிப்போவில் இருக்கிறது, புதிய கோட் சர்வருக்கு டெப்ளாய் ஆகும்போது பைப்லைனில் தானாக ஓடட்டும். டிபிஏ தரப்பு: டிக்கெட் போடுங்கள், ஞாயிறு இரவு 2 மணிக்குக் கையால் ஓட்டுகிறோம். எந்தப் பக்கம் நியாயம்?

ஆட்டோவாக்யூம்

யார் ஓட்டினாலும் ஆல்டர் டேபிள் கட்டளை கேட்கும் லாக் (பூட்டு) ஒன்றுதான். நெடுவரிசை சேர்க்க, மற்றவர் படிக்கக்கூட விடாத ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ் லாக் வேண்டும். வேலை சில மில்லிசெகண்டில் முடியும், காத்திருப்பில்தான் வம்பு. ஏதோ ஒரு ரிப்போர்ட் அந்த டேபிளைப் படித்துவிட்டு டிரான்சாக்ஷனை மூடாமல் விட்டிருந்தால் ஆல்டர் அதன் பின்னால் நிற்கும். ஆல்டருக்குப் பின்னால் வரும் ஒவ்வொரு செலெக்டும் வரிசையில் நிற்கும். கனெக்ஷன் பூல் நிரம்பி அப்ளிகேஷனே படுத்துவிடும்.

லாக்குக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற லாக் டைம்அவுட்டின் டீஃபால்ட் 0, அதாவது முடிவில்லாத காத்திருப்பு. அதை 2 அல்லது 3 விநாடியாக வையுங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு, சற்று இடைவெளி கொடுத்து மறுபடி முயலட்டும்.

ஞாயிறு இரவு 2 மணி பாதுகாப்பான நேரம் என்று யார் சொன்னது? பேக்கப் ஓடுவதும் பெரும்பாலும் அப்போதுதான். பேக்கப் எடுக்கும் பிஜி டம்ப் தொடங்கியதிலிருந்து முடியும்வரை எல்லா டேபிளிலும் ஆக்சஸ் ஷேர் லாக் (படிப்பதற்கான லாக்) வைத்திருக்கும். ஆல்டர் அதற்கும் பின்னால்தான் நிற்க வேண்டும்.

ஸ்கீமா_சித்தன்

இதோடு உடன்படுகிறேன். ஆனால் பைப்லைன் தரப்பும் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போடக் கூடாது.

இண்டெக்ஸை 'கன்கரன்ட்லி' சேர்த்துத்தான் போட வேண்டும். இல்லையென்றால் இண்டெக்ஸ் கட்டி முடியும்வரை டேபிளில் எழுதும் வேலை அத்தனையும் நிற்கும். அந்தக் கட்டளை டிரான்சாக்ஷனுக்குள் ஓடாது, பல மைக்ரேஷன் டூல்களோ ஃபைலையே டிரான்சாக்ஷனில் சுற்றிவிடும். தனி ஃபைலாக்கி, ஜாங்கோ ஃப்ரேம்வொர்க்கில் அடாமிக்கை ஃபால்ஸ் ஆக்குங்கள். ரெயில்ஸ் ஃப்ரேம்வொர்க்கில் டிஸேபிள் டிடிஎல் டிரான்சாக்ஷன்.

மேலே சொன்ன 3 விநாடி டைம்அவுட்டை இந்த ஃபைலுக்கு மட்டும் எடுத்துவிடுங்கள். கன்கரன்ட்லி பழைய டிரான்சாக்ஷன்கள் முடியக் காத்திருக்கும். நடுவில் வெட்டினால் இன்வேலிட் இண்டெக்ஸ் மிஞ்சும். அது க்வெரிக்கு உதவாது, ஒவ்வொரு இன்சர்ட்டிலும் செலவு மட்டும் வைக்கும். 'இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ்' போட்டு மறுபடி ஓட்டினால் அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று சத்தமில்லாமல் தாண்டிப்போய், பைப்லைன் பச்சை விளக்கு காட்டும். பிஜி இண்டெக்ஸ் என்ற சிஸ்டம் டேபிளில் இண்டிஸ்வேலிட் ஃபால்ஸா என்று பார்த்து, ஆம் என்றால் முதலில் அந்த இண்டெக்ஸை டிராப் செய்யுங்கள்.

இன்னொன்று: சேனல் மொத்தமே ஐந்தாறு என்றால் அந்த இண்டெக்ஸ் தனியாக எதற்கு? க்வெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவெடுக்கும் பிளானர் பெரும்பாலும் அதைத் தொடாது. தேதியோடு சேர்த்த கூட்டு இண்டெக்ஸ்தான் உங்கள் க்வெரிக்குத் தேவையாக இருக்கும்.

பூட்டுச்சாவி

ஃபாரின் கீயை நெடுவரிசை சேர்க்கும் வரியிலேயே எழுதாதீர்கள். தனியாக 'நாட் வேலிட்' (பழைய ரெக்கார்டை இப்போது சரிபார்க்காதே) என்று சேர்த்து, பிறகு வேலிடேட் செய்யுங்கள். வேலிடேட் முழு டேபிளையும் படிக்கும், ஆனால் இன்சர்ட், அப்டேட்டை நிறுத்தாது.

நிரப்புவதை மைக்ரேஷன் ஃபைலில் வைக்கவே வேண்டாம், தனி ஜாப் ஆகட்டும். பிரைமரி கீ வரம்பு வைத்து 5,000 ரெக்கார்டாக அப்டேட், ஒவ்வொன்றுக்கும் கமிட். ஆஃப்செட் (முதல் இத்தனை ரெக்கார்டைத் தாண்டு) வைத்து நகர்ந்தால் போகப்போக மெதுவாகும். ரெப்ளிகா (நகல் சர்வர்) பின்தங்கினால் ஜாப் நிற்க வேண்டும். 30 கோடி அப்டேட் என்றால் 30 கோடி செத்த ரெக்கார்டு; அவற்றைச் சுத்தம் செய்யும் வாக்யூமுக்கு மூச்சுவிட நேரம் கொடுங்கள்.

யார் ஓட்டுவது என்றால், என் ஓட்டு பைப்லைனுக்கு. நிபந்தனை: மைக்ரேஷனுக்குத் தனி ரோல் (டேட்டாபேஸ் பயனர்). டேபிளின் ஓனர் அந்த ரோல் மட்டும், அப்ளிகேஷன் ரோல் அல்ல. லாக் டைம்அவுட்டை அந்த ரோலிலேயே பதித்துவிட்டால் யாரும் மறக்க முடியாது. டிபிஏவின் நேரம் புல் ரிக்வெஸ்ட்டை (கோட் மாற்றக் கோரிக்கையை) படிப்பதில் போகட்டும். கன்கரன்ட்லி விட்டுப்போனது போன்றவற்றை ஸ்குவாக் மாதிரி, ஃபைலைத் தானாகச் சோதிக்கும் லின்டரே பிடித்துவிடும்.

ஆட்டோவாக்யூம்

மைஎஸ்கியூஎல் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுக்க வேண்டாம். அங்கே டிடிஎல் (ஆல்டர் போன்ற ஸ்கீமா கட்டளைகள்) தானாகக் கமிட் ஆகும்; மூன்று ஆல்டரில் இரண்டாவது விழுந்தால் முதலாவது அப்படியே நிற்கும். மெட்டாடேட்டா லாக்குக்கான டீஃபால்ட் காத்திருப்பு 3,15,36,000 விநாடி. ஒரு வருஷம்!

இணைப்பான்

நாட் நல் எப்போது? முதலிலேயே 'நல் ஆகக் கூடாது' என்று செக் கன்ஸ்ட்ரெய்ன்ட்டை நாட் வேலிட்டாகப் போட்டுவிட்டு நிரப்பலாமா?

பூட்டுச்சாவி

கூடாது. நாட் வேலிட் பழைய ரெக்கார்டை விட்டுவிடுவது யாரும் அதைத் தொடாதவரைதான். இன்னும் நிரப்பாத பழைய ஆர்டரின் நிலையை அப்ளிகேஷன் அப்டேட் செய்தால் செக் மறுபடி பார்க்கப்பட்டு எரர் வரும். முதலில் நல் அனுமதித்து நெடுவரிசை, அதில் மதிப்பு எழுதும் அப்ளிகேஷன் கோட் எல்லா சர்வரிலும் போகட்டும், பிறகு நிரப்பல். அது முடிந்ததும் செக்கை நாட் வேலிட்டாகச் சேர்த்து, வேலிடேட் செய்து, செட் நாட் நல். பதிப்பு 12 முதல் செட் நாட் நல் அந்தச் செக்கையே ஆதாரமாக எடுத்துக்கொண்டு டேபிளைப் படிக்காமல் முடித்துவிடும். அதற்குப் பிறகு செக்கை டிராப் செய்யலாம்.