கைத்தொலைபேசியைத் திறந்து காட்டச் சொன்னபோது

உப்புவெளியிலிருந்து:

2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னர் அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்த மாதங்களில், நிலாவெளி வீதியில் என்னையும் மச்சானையும் மறித்த பொலிஸார் அடையாள அட்டைகளைப் பார்த்து முடித்த பின்னர் கைத்தொலைபேசிகளையும் கேட்டார்கள். மச்சான் மறுபேச்சின்றித் திறந்து கொடுத்தார். திருகோணமலைக் கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிலுக்குப் போனபோது, அது நிற்கும் சுவாமிமலைப் பாறையிலிருந்து அவர் எடுத்த கடல் படமொன்றில் கடற்படைக் கப்பலொன்றும் விழுந்திருந்தது. அந்தக் கோட்டைக்குள் இராணுவத்தைக் கடந்து நடக்கிற பக்தர்கள் எல்லோரும் எடுக்கிற படம்தான் அது. ஆனாலும் அதை ஏன் எடுத்தீர், யாருக்கு அனுப்பினீர் என்ற கேள்விகள் நீண்டன. அதைவிட எங்களுக்கு உறுத்தியது, என் தங்கையின் படங்களை அந்நிய விரல் ஒன்று தள்ளித் தள்ளிப் பார்த்ததுதான். எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்க அப்போது எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

கிண்ணியாவிலிருந்து, ஒரு தாய்:

முகநூல் பதிவொன்று பற்றிய முறைப்பாட்டின் பேரில் என் மகனைப் பொலிஸ் நிலையத்துக்கு அழைத்து, கைத்தொலைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். துண்டுச் சீட்டுக்கூடத் தரவில்லை. மறுநாள் சட்டத்தரணி ஒருவருடன் போனபோது, முந்திய நாள் கண்டிப்பாகப் பேசிய அதே உத்தியோகத்தர், வாங்கிய பொருளின் விபரத்தைத் திகதியுடன் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்ததால், தமிழில் எழுதும் வரை ஒப்பமிட வேண்டாமென்று சட்டத்தரணி சொன்னார்; அதற்கு அரை நாள் போயிற்று.

திருகோணமலை நகரிலிருந்து, நீதிமன்றத்தில் தொழில் செய்பவர்:

இந்திய, அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருவோர் என்னிடம் அடிக்கடி வாதாடுகிறார்கள். கைதானவரின் தொலைபேசியை ஆராயப் பொதுவாக நீதிமன்ற ஆணை வேண்டும் என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 2014 இல் ரைலி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்ததும், புட்டசாமி வழக்கில் 2017 இல் இந்திய உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென ஏற்றதும் உண்மையே. ஆனால் அவை நமது வீதித் தடையில் எவரையும் கட்டுப்படுத்தா. நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்க உரிமை தனியாக எழுதப்படவில்லை. 2015 இன் 19 ஆவது திருத்தத்துடன் வந்த 14அ உறுப்புரையில்கூட அது தகவல் உரிமைக்கான ஒரு வரம்பாகவே இடம்பெறுகிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துக் காட்டுவதும் பெரிதாக உதவாது, ஏனெனில் குற்ற விசாரணைகளுக்கு விலக்களிக்க அதிலேயே இடமுண்டு.

பயன்படக்கூடியது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம். அதன் கீழான விசாரணையில் தகவலைப் பெறவும் தொடர்பாடலை இடைமறிக்கவும் நீதவானின் ஆணை தேவை. சான்று அழிந்துவிடும் என்பது போன்ற அவசரங்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, அந்த விதிவிலக்கு எவ்வளவு தாராளமாக நீட்டப்படுகிறது என்பது வேறு கதை. கைப்பற்றியவற்றின் முழுப் பட்டியலைத் திகதியும் நேரமும் குறித்து உரியவரிடம் கொடுப்பதும் அச்சட்டப்படி கடமை. கிண்ணியாச் சகோதரி கேட்டு வாங்கிய எழுத்து அதனால்தான் முக்கியம்.

உப்புவெளிச் சகோதரரின் மச்சானைப் போலத் தாமாகவே திறந்து கொடுத்தால், பின்னர் அதைச் சம்மதம் என்றே எழுதுவார்கள். ஆகையால் கடவுச்சொல்லைச் சொல்வதற்கு முன், எந்தக் குற்றம், எந்தச் சட்டம், ஆணை உண்டா என்று பணிவாகக் கேளுங்கள்; உத்தியோகத்தரின் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரைச் சொன்னால் அங்கே நின்று வாதிடாமல் உடனே சட்டத்தரணிக்கு அறிவியுங்கள். அடிப்படை உரிமை மீறலென்று கருதினால், அரசியலமைப்பின் 126 ஆவது உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அதன் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.