ஆட்டிசம் உள்ள பிள்ளையும் பள்ளி டீச்சரும்: மனதை விட்டுப் போகாத ஒரு நாளைப் பகிருங்கள்

திருச்சி அம்மா

மூன்று வருடம் ஆகிறது, இன்னும் தூக்கத்தில் வருகிறது. மகனுக்கு அப்போது ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. கேட்டதையே திருப்பிச் சொல்வான், இங்கே இருப்பவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. டீச்சர் "உன் பேர் என்ன?" என்று கேட்டிருக்கிறார். இவனும் "உன் பேர் என்ன?" என்றிருக்கிறான். மறுபடி கேட்டார், மறுபடி அதே. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். கேலி செய்கிறான் என்று நினைத்து உள்ளங்கையில் ஸ்கேலால் ஒரு அடி. சாயந்திரம் கூப்பிடப் போனேன். சிவந்த கையை என்னிடம் நீட்டி, "உன் பேர் என்ன?" என்றான். வலிக்கிறது என்று சொல்ல அவனிடம் இருந்தது அந்த மூன்று சொல்தான்.

மறுநாள் சண்டை போடத்தான் போனேன், வாசலிலேயே அழுதுவிட்டேன். அப்புறம் சொன்னேன்: "அது கேலி இல்ல டீச்சர். கேள்வி புரியலைன்னா காதுல விழுந்ததை அப்படியே சொல்லுவான். பதிலை நீங்க ஆரம்பிச்சுக் குடுங்க, மிச்சத்தை அவன் சொல்லிடுவான்." அவர் உடனே உள்ளே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "என் பேர்..." என்று சொல்லி நிறுத்தினார். நாலைந்து நொடி ஆனது. பெயரைச் சொன்னான். டீச்சர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவனிடம் கேட்டார்.

அட்மிஷன் அன்று நான் ஆட்டிசம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. "பேச்சு கொஞ்சம் லேட்" என்றேன், அவ்வளவுதான். அந்த அடியில் எனக்கும் பங்கு உண்டு.

சேலம் அப்பா

அக்கா, உங்கள் மேல் தப்பே இல்லை. நாங்கள் உண்மையைச் சொல்லிப் பட்டவர்கள். மகளுக்கு ஐ.எஸ்.ஏ.ஏ. மதிப்பீட்டில் (ஆட்டிசம் எவ்வளவு இருக்கிறது என்று மதிப்பெண் போடும் இந்திய அளவுகோல்) 92, அதாவது லேசான நிலைதான். அந்தத் தாளை ஃபைலின் மேலேயே வைத்துக் கொண்டு போனேன். அலுவலகத்தில் இருந்தவர் முதல் பக்கத்தைப் பார்த்தார், மூடினார், ஒற்றை விரலால் ஃபைலை மேஜைமேல் என் பக்கம் தள்ளினார். "சீட் முடிஞ்சிடுச்சு சார்." எங்களுக்குப் பின்னால் நின்றவருக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள். அந்த விரல் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அடுத்த பள்ளியில் சொல்லவில்லை. சேர்த்துக்கொண்டார்கள். இப்போது யூகேஜி.

அரசுப் பள்ளி ஆசிரியை

சேலம் சார், உங்கள் கோபம் நியாயம். ஆனால் மறைப்பது சரி என்று இங்கே எழுதாதீர்கள். மறைத்தால் நாங்கள் அதை அடம், திமிர் என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். திருச்சி அம்மா சொன்னதே அதற்குச் சாட்சி.

என் வகுப்பில் 38 பேர். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பு ஆசிரியர் வருவது சில நாள்தான், மற்ற நாளெல்லாம் நான் ஒருத்திதான். ஒரு பையனின் அம்மா மருத்துவ அறிக்கை எதையும் கொண்டுவரவில்லை, அரைத்தாள் கொடுத்தார். "மைக் சத்தம் ஆகாது. காதைப் பொத்தினால் கையை இழுக்காதீங்க. பெல் அடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. தண்ணி வேணும்னா பாட்டிலைத் தட்டுவான்." இந்த நாலு வரி போதுமாக இருந்தது. காலை வணக்கக் கூட்டத்தில் ஒலிபெருக்கியை விட்டுத் தள்ளி வேப்பமரத்தடியில் அவனை நிற்க வைத்தேன். "ஒருத்தனுக்கு மட்டும் என்ன தனி இடம்?" என்று சக ஆசிரியர் ஒருவரே கேட்டார். ஒரு மாதம் போயிருக்கும். தமிழ்த்தாய் வாழ்த்து பாடும்போது தற்செயலாகத் திரும்பிப் பார்க்கிறேன், இரண்டு கையாலும் காதைப் பொத்தியபடி நிற்கிறான், உதடு மட்டும் அசைகிறது. ஒரு வரி விடாமல் பாடிக்கொண்டிருந்தான். வகுப்பில் அதுவரை அவன் வாயைத் திறந்ததே இல்லை.

கோவை மாமா

என் அக்கா மகனுக்காக எட்டு வருடமாக அலைகிறேன். என் கதை சின்னது, ஒரு தலைமை ஆசிரியர் எங்களை வெயிலில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார், விடுங்கள். சேலம் சாருக்குச் சொல்ல வேண்டியதுதான் நிறைய. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்று அதன் 16ஆவது பிரிவு பேசுகிறது. "சீட் இல்லை" என்று வாயால் சொன்னால் விடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள், எழுதித் தர யோசிப்பார்கள். திருச்சி அம்மா, பிள்ளையை அடிப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவே தடை செய்கிறது, எந்தப் பிள்ளையாக இருந்தாலும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை இப்போதே வாங்கிவிடுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதும் ஆள் எல்லாம் கேட்கும்போது அது கைகொடுக்கும். கடைசி நேரத்தில் ஓடினால் சான்றிதழுக்கே அலைய வேண்டியிருக்கும். சென்னைப் பக்கம் இருப்பவர்கள் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள தேசிய நிறுவனத்தில் மதிப்பீடு செய்யலாம். எல்லாத் தாளிலும் மூன்று நகல் எடுத்து வையுங்கள்.

திருச்சி அம்மா

மாமா, சட்டம் எனக்கு அன்றே தெரியும். புகார் கொடுத்திருந்தால் அந்த டீச்சர் வேறு பள்ளிக்குப் போயிருப்பார். என் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரே டீச்சர் இன்றைக்கும் அவர்தான்.

சேலம் அப்பா

சட்டத்தைக் காட்டி வாங்கிய சீட்டில் என் பெண்ணை யார் மடியில் வைத்துச் சோறு ஊட்டுவார்கள் மாமா? எனக்கு அந்தப் பயம்தான்.

ஆசிரியை அம்மா, உங்கள் பதிலை என் மனைவியிடம் காட்டினேன். சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். நேற்று ராத்திரி இருவரும் உட்கார்ந்து அரைத்தாள் எழுதினோம். மிக்ஸி, விசில் சத்தம் ஆகாது. சாப்பாட்டில் குழம்பும் பொரியலும் ஒட்டக் கூடாது. அழுதால் தூக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். இதெல்லாம் சரசரவென்று வந்துவிட்டது. மேலே முதல் வரியை மட்டும் மூன்று தடவை அடித்து எழுதிவிட்டோம். அந்தச் சொல்லைப் போடுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை.