பீரியட்ஸுக்கு முந்தின வாரம் உடம்பைத் தளர்த்துற பயிற்சி: உங்க அனுபவம் எப்படி?

மலைக்கோட்டைக்காரி

பீரியட்ஸ் நேரத்து வயித்து வலியப் பத்தி இப்பல்லாம் ஓரளவு பேசுறோம், அதுக்கு முந்தி ஒரு வாரம் பத்து நாள் படுற பாட்டைப் பத்தி யாரும் வாயே திறக்கிறதில்ல. எனக்கு வலி பெருசா கிடையாது, ஆனா டேட்டுக்கு முந்தின வாரம் மார்பு கனத்துப்போயி, வயிறு உப்பி, பேண்ட் நாடாவைத் தளர்த்திக் கட்டி, ராத்திரி தூக்கம் வராம புரண்டு புரண்டு, காலைல ரூம்மேட் தட்டுல ஸ்பூன் சத்தம் கேட்டாக்கூட எரிஞ்சு விழுவேன். சாயங்காலம் பார்த்தா காரணமே இல்லாம அழுகை. பீரியட்ஸ் வந்த ரெண்டாம் நாள் இதெல்லாம் எங்க போச்சுன்னே தெரியாது, பழைய ஆளாயிடுவேன்.

எனக்கு இந்த உடம்பைத் தளர்த்துற பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தது எங்க காலேஜ் பக்கத்துல இருந்த ஒரு பிசியோதெரபிஸ்ட் அக்கா, கழுத்து வலின்னு போனப்ப. பாய்ல மல்லாந்து படுத்து, பாதத்துலேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு இடமா அஞ்சு செகண்ட் இறுக்கணும், அப்புறம் டக்குன்னு விட்டுட்டு ஒரு இருபது முப்பது செகண்ட் அந்த இடம் எப்படி இருக்குன்னு கவனிக்கணும், அவ்வளவுதான். பாதம், கெண்டைக்கால், தொடை, வயிறு, கை முஷ்டி, தோள், கடைசில முகம். எட்மண்ட் ஜேக்கப்சன்னு ஒரு அமெரிக்க டாக்டர் கண்டுபிடிச்சு 1929ல புத்தகமாவே போட்ட முறையாம், அதனால ஏதோ புது ட்ரெண்டுன்னு நினைச்சுடாதீங்க. நம்ம ஊர் சவாசனத்துக்குப் பக்கத்து வீடுதான், ஆனா சவாசனத்துல "உடம்பை லூசா விடு"ன்னா எனக்கு விடத் தெரியாது, இதுல மொதல்ல இறுக்கிட்டு விடுறதால வித்தியாசம் பளிச்சுன்னு தெரியுது.

பெரிய ஆச்சரியம் என் தாடை. பகல் முழுக்க பல்லைக் கடிச்சுக்கிட்டே இருக்கேன்னு அதுவரைக்கும் எனக்குத் தெரியவே தெரியாது. நாக்கைக் கீழ இறக்கி, மேல் பல்லும் கீழ் பல்லும் படாம வாயை லேசா மூடினதும் காது ஓரத்துலேர்ந்து நெத்தி வரைக்கும் ஏதோ கட்டு அவிழ்ந்த மாதிரி இருந்துச்சு, தலைவலில பாதி அங்கதான் இருந்துருக்கு.

கெண்டைக்காலுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை, விரலைக் கீழ நீட்டி இறுக்கினா சதை பிடிச்சுக்கும் (அந்த வலி தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்), விரலை முகத்தைப் பார்த்து இழுங்க.

உப்புசம் குறையலங்க, மார்பு கனமும் அப்படியேதான் இருக்கு. தூக்கமும் எரிச்சலும்தான் மாறுச்சு. அதுவும் எரிச்சல் உச்சில இருக்கிறப்ப போய்ப் படுத்தா ஒண்ணும் நடக்காது, மாசம் பூரா தினமும் செஞ்சு உடம்புக்குப் பழக்கி வச்சிருந்தாத்தான் அந்த வாரத்துல கைகொடுக்குது.

வைகை

நல்லா இருக்கு அக்கா, ஆனா கூட்டுக் குடும்பத்துல பகல்ல பத்து நிமிஷம் பாயைப் போட்டுப் படுத்தா "என்னடி, உடம்புக்கு என்ன"ன்னு அத்தை வந்துரும், அப்புறம் கஷாயம், அப்புறம் விசாரணை. அதனால நான் பஸ்லயே செஞ்சுக்கிறேன். ஜன்னலோரம் சீட் கிடைச்சா பேக் வாரை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சு விடுறது, தோளைக் காது வரைக்கும் தூக்கி இறக்குறது, அப்புறம் மூக்கால மூச்சை இழுத்து இழுத்ததைவிட மெதுவா வெளிய விடுறது. வயிறு மேல ஒரு கை வச்சிருப்பேன், மூச்சு இழுக்கிறப்ப கை மேல எழும்பணும், நெஞ்சு மட்டும் ஏறுனா மூச்சு மேலோட்டமா போகுதுன்னு அர்த்தம். கண்டக்டர் டிக்கெட் கேக்கிறப்ப மட்டும் இடைவேளை.

ஏஞ்சல்_09

எனக்கு இது ஒத்து வரல, சொல்லணும்னு தோணுச்சு. கண்ணை மூடிப் படுத்து மூச்சை கவனின்னா படபடப்பு ஜாஸ்தியாகுது, விட்டுப்போன அசைன்மெண்ட்லேர்ந்து பழைய சண்டை வரைக்கும் வரிசையா வருது. எனக்கு சாயங்காலம் மொட்டை மாடில நடக்கிறது, அப்புறம் சுவத்துல காலைத் தூக்கி வச்சு கண்ணைத் திறந்துக்கிட்டே கொஞ்ச நேரம் கிடக்கிறது, இதுதான் செட்டாகுது. எல்லாருக்கும் ஒரே மருந்துன்னு சொல்லாதீங்கப்பா.

வெள்ளை_கோட்டு

நான் ஸ்டாஃப் நர்ஸ். ஏஞ்சல் சொல்றது நிஜம், கொஞ்ச பேருக்கு ரிலாக்ஸ் பண்ணப் போனாலே பதட்டம் வரும், அவங்க கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு, அசைவோட செய்யலாம், தப்பே இல்ல.

ஆராய்ச்சி கேக்கிறவங்களுக்கு ஒண்ணு. ஹார்வர்டைச் சேர்ந்த ஹெர்பர்ட் பென்சன் குழு 1990ல 46 பெண்களை வச்சு அஞ்சு மாசம் பார்த்தாங்க. தொந்தரவு கடுமையா இருந்தவங்கள்ல, ரிலாக்சேஷன் தினமும் செஞ்சவங்களுக்கு 58 சதவீதம் முன்னேற்றம், அதே நேரத்துல சும்மா புத்தகம் படிச்சவங்களுக்கு 27 சதவீதம். ஆள் கம்மிதான், அதை வச்சு பெருசா குதிக்க வேண்டாம், ஆனா காசு செலவில்லாத விஷயத்துக்கு இது மோசமில்ல.

இன்னொண்ணு, டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி ரெண்டு மாசமாவது காலண்டர்ல குறிச்சு வைங்க, எந்த நாள் என்ன தொந்தரவுன்னு. மாதவிடாய்க்கு முன்னாடி வந்து, ஆரம்பிச்ச சில நாள்ல போயிட்டா அது பி.எம்.எஸ்.னு சொல்ற இந்த மாதவிடாய்க்கு முந்தின தொந்தரவுதான். மாசம் பூரா மனசு சரியில்லைன்னா அது வேற, தைராய்டு, ரத்த சோகைன்னு மத்ததையும் பார்க்கணும். அந்த வாரத்துல வேலைக்கோ காலேஜுக்கோ போகவே முடியல, உறவே முறியுற அளவு கோபம்னா அதுக்கு பி.எம்.டி.டி.ன்னு தனியா பேரே இருக்கு, 2013லயே அமெரிக்க மனநல மருத்துவர்களோட நோய் வகைப்பாட்டுல சேர்த்தாச்சு, மருந்தும் இருக்கு. செத்துடலாம்னு எண்ணம் வந்தா பாயும் மூச்சும் போதாது, உடனே யார்கிட்டயாவது சொல்லுங்க, அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்கு ராத்திரி பகல் எப்ப வேணா பேசலாம், தமிழ்லயும் பேசுறாங்க.

மலைக்கோட்டைக்காரி

நர்ஸ் அக்கா, காலண்டர் ஐடியா சூப்பர், எங்க பாட்டி பால் கணக்கு எழுதுற காலண்டர்லயே குறிக்கப் போறேன்.

ஆடியோ இருக்கான்னு இன்பாக்ஸ்ல கேட்டவங்களுக்கு, யூடியூப்ல நிறைய இருக்கு, ஆனா பின்னாடி போடுற புல்லாங்குழல் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்குது, நடுவுல விளம்பரம் வேற. ரூம்மேட்டை வச்சு நாங்களே போன்ல ரெக்கார்ட் பண்ணிட்டோம், பாதத்துலேர்ந்து முகம் வரைக்கும் மெதுவா சொல்லி, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல சும்மா விட்டுட்டா போதும். "இப்ப மூஞ்சியச் சுளிங்க"ன்னு சொல்ற இடத்துல அவளுக்கே சிரிப்பு வந்துருச்சு, அதை வெட்டல, அந்த இடத்துலதான் என் தாடை தானா விடுது.