மறு: பாலியேட்டிவ் கேர்: நோய்த்தணிப்பா, நோவுத்தணிப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பாலியேட்டிவ் கேர், அதாவது கடும் நோயால் வரும் வலியையும் மற்றத் துன்பங்களையும் தணிக்கும் மருத்துவம், அதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்று பேசும் இந்த இழையை நாலு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் வேறு வேலை வந்துவிடுகிறது, இன்று எப்படியும் முடித்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். மடல் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> நோய்த்தணிப்பு என்று ஒன்று புழக்கத்தில் இருக்கிறதே, புதிதாக எதற்கு இன்னொன்று?

முதலில் இதற்குப் பதில். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் எதற்கு என்று புரியும்.

என் அத்தைக்கு மார்பகப் புற்று. அது எலும்புக்குப் பரவிய பிறகு இடுப்பிலும் முதுகிலும் அப்படியொரு வலி, படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தபடி விடிய விடிய உட்கார்ந்திருப்பார். ஒருநாள் மருத்துவமனையில் சீட்டில் பாலியேட்டிவ் கேர் என்று எழுதி வேறொரு அறைக்குப் போகச் சொன்னார்கள். அப்படின்னா என்னங்க என்று மாமா கேட்டதற்கு அங்கிருந்தவர், "இதுக்கு மேல செய்ய ஒண்ணும் இல்லைங்க, வீட்ல வச்சு நல்லபடியா பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். மாமா அந்த அறைப் பக்கமே போகவில்லை, நேராக வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். மூன்று வாரம் அத்தை வெறும் பாராசிட்டமாலோடு கிடந்தார். அப்புறம் தெரிந்த செவிலியர் ஒருவர் எடுத்துச் சொல்லி அதே அறைக்குப் போனோம். நாலு மணி நேரத்துக்கொருமுறை, கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரை, அதனால் மலச்சிக்கல் வராமலிருக்கக் கூடவே ஒரு மருந்து, இடுப்பெலும்புக்கு ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு. புற்றுக்காகச் சாப்பிட்டுவந்த மாத்திரையை யாரும் நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி அத்தை படுத்துத் தூங்கினார். அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார், பேத்தியின் காதுகுத்துக்கு முகூர்த்தப் பட்டுக் கட்டிக்கொண்டு வந்தார்.

அந்த மனிதர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் கையில் தமிழ்ச் சொல் இல்லை, தனக்குப் புரிந்ததைச் சொன்னார். மூன்று வாரம் அப்படித்தான் போனது.

பெயரை மாற்றினால் மட்டும் ஆள் வந்துவிடுவார்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். வந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் பாலியேட்டிவ் கேர் என்ற பெயரைச் சொன்னால் நோயாளிக்கு நம்பிக்கை போய்விடும் என்று புற்றுநோய் மருத்துவர்களே அனுப்பத் தயங்கினார்கள். 2007இல் துறையின் பெயரை ஆதரவுப் பராமரிப்பு என்ற பொருள்பட மாற்றினார்கள். அதன்பின் அங்கே அனுப்பப்பட்டவர்கள் எண்ணிக்கை 41 விழுக்காடு கூடியது. மருத்துவர்களுக்கே ஒரு பெயர் இவ்வளவு செய்கிறது என்றால் எங்கள் மாமாவை என்ன சொல்வது?

சரி, இங்கே வந்த சொற்களுக்கு வருகிறேன்.

> இறுதிக்காலப் பராமரிப்பு: எளிமையாக இருக்கிறது, யாருக்கும் புரியும்

புரியும் என்பதுதான் சிக்கல், தப்பாகப் புரியும். இந்தப் பராமரிப்பு கடைசி வாரத்துக்கானது இல்லை, நோய் என்னவென்று தெரிந்த நாளிலிருந்தே தொடங்கலாம். பாஸ்டனில் பரவிய நுரையீரல் புற்றுள்ள 151 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே இதையும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதம். மனச்சோர்வும் இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்குத்தான் குறைவு. இறுதிக்காலம் என்று பலகை மாட்டினால் முதல் நாளிலேயே யார் உள்ளே வருவார்? இந்தச் சொல்லை நாம் கைவிட்டே ஆக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

> மூலச் சொல்லுக்குப் போர்வை என்று பொருள், ஆகவே போர்வை மருத்துவம்

வேர் சரிதான், லத்தீனில் பாலியம் என்றால் மேலே போர்த்தும் ஆடை. ஆனால் இந்தப் பெயர் வந்த கதையையும் பார்க்க வேண்டும். லண்டனில் மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், இறக்கும் தறுவாயில் உள்ள நோயாளிகளுக்காக 1967இல் தொடங்கிய இல்லத்துக்கு ஹாஸ்பிஸ் என்று பெயர். அதைப் பார்த்துவிட்டுக் கனடாவின் மான்ட்ரியாலில் அப்படியொரு பிரிவைத் தொடங்க நினைத்த மருத்துவர் பால்ஃபர் மவுன்ட்டுக்கு அந்தச் சொல் உதவவில்லை. அங்கே பேச்சு மொழி பிரெஞ்சு, அதில் ஹாஸ்பிஸ் என்றால் கதியற்றவர்களைக் கொண்டுபோய் விடும் இடம் என்று மக்கள் மனதில் பதிந்திருந்தது. அதனால்தான் 1974 வாக்கில் அவர் பாலியேட்டிவ் கேர் என்று புதுப்பெயர் வைத்தார். தன் ஊர்க்காரர் காதில் எப்படி விழும் என்று யோசித்தவர் அவர், நாமும் அதைத்தான் யோசிக்க வேண்டும். போர்த்துவது என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது என்ன? கோடி போர்த்துவது. அந்தச் சொல்லைப் படுக்கையில் இருப்பவர் காதில் போட எனக்கு மனம் வரவில்லை.

சாந்த்வனம் என்று மலையாளத்திலிருந்து அப்படியே எடுக்கலாம் என்றார் கோவை நண்பர். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய சிறு அமைப்பு ஊர் ஊராகத் தன்னார்வலர்களைச் சேர்த்தது, 2008இல் மாநில அரசே இதற்கென்று கொள்கை வகுத்தது. அங்கே அந்தச் சொல்லுக்குப் பின்னால் வீடு தேடி வந்த ஆட்கள் இருந்தார்கள், அதனால் நின்றது. இங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் சாந்திதான் நினைவுக்கு வரும், ஆத்மா சாந்தி அடையட்டும் என்றுதான் காதில் விழும். ஆறுதல் என்று தமிழாக்கினாலும் குறை தீராது, ஆறுதல் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து நாலு நல்ல வார்த்தை சொல்வது என்றாகிவிடும். இது மருந்தும் அளவும் நேரமும் உள்ள மருத்துவம். மார்ஃபினுக்காக இந்த நாட்டில் எத்தனை வருடம் போராடினார்கள் என்று பாருங்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் ஒரு மருத்துவமனை அதை வாங்க உரிமத்துக்கு மேல் உரிமம் கேட்கும் நிலை வந்தது, 2014இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் ஒரே உரிமம் போதும் என்றானது. அந்த உழைப்பெல்லாம் ஆறுதல் என்ற சொல்லுக்குள் தெரியாமல் போகும்.

வலி நிவாரணம் என்பதில் வேறு குறை. தைலப் புட்டியில் எழுதியிருப்பது போல இருக்கிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், மூச்சுத்திணறல், வாந்தி, புண்ணிலிருந்து வரும் வாடை, வயிற்றில் நீர் கோப்பது இவையெல்லாம் வலிக்குள் வராது, பார்ப்பது இதே மருத்துவர்தான். தமிழக அரசு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவு என்கிறது. 2021இலிருந்து வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், அந்தப் பணி மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. சொல் மட்டும் இடறுகிறது, நோய்க்கு ஆதரவு என்று விரித்துவிட முடிகிறதே.

கடைசியாக நோய்த்தணிப்பு. இதுதான் இருப்பதில் நெருக்கமானது, பலரும் இதற்குத்தான் வாக்களித்திருக்கிறீர்கள். என் தடை முதல் பாதியில் மட்டும்தான். 'நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி' என்ற குறளில் தணிப்பது எது? நோயை. அங்கே அதற்குக் குணப்படுத்துவது என்றே பொருள். நோய்த்தணிப்பு என்று எழுதினால் புற்றுநோய்க் கட்டி கரையப்போகிறது என்று ஒரு குடும்பம் நம்பினால் தவறு அவர்கள் மேல் இல்லை. இங்கே தணிவது நோய் இல்லை, அந்த நோயால் வரும் பாடு.

ஆகவே என் பரிந்துரை: நோவுத்தணிப்பு.

மாறுவது ஓர் எழுத்துதான், ஆனால் பொருள் இடத்துக்கு வந்துவிடுகிறது. நோவு என்பது உடம்புக்கும் உண்டு, மனதுக்கும் உண்டு. இடுப்பு நோவு, பல் நோவு என்கிறோம். அதே வாயால் மனசு நோகுது, நோகடிச்சுட்டான், நொந்துபோயிட்டேன் என்கிறோம். சாண்டர்ஸ் முழு வலி என்று ஒரு கருத்தை முன்வைத்தார், உடல் வலியோடு மன வேதனையும் குடும்பம், பணம் சார்ந்த கவலையும் எனக்கேன் இப்படி என்ற கேள்வியும் பின்னிக்கிடக்கின்றன, ஒன்றை விட்டுவிட்டு ஒன்றைத் தணிக்க முடியாது என்று. அவர் முதலில் செவிலியர், பிறகு சமூகப் பணியாளர், அப்புறம்தான் மருத்துவம் படித்தவர், அதனால் அவருக்கு அது தெரிந்தது. இதை ஆங்கிலத்தில் சொல்ல ஒரு அடைமொழி தேவைப்பட்டது, நமக்கு நோவு என்ற ஒரு சொல்லே போதும். அத்தைக்கு மார்ஃபின் கொடுத்த பிறகும் சில ராத்திரி தூக்கம் வராது, அடகில் இருந்த நகையைப் பற்றியே பேசுவார். அங்கிருந்த சமூகப் பணியாளர் மாமாவை உட்காரவைத்து அதையும் பேசித் தீர்த்தார். அதுவும் நோவுத்தணிப்புதான்.

சொல்லிணைப்பும் புதிதில்லை. 'நோதலும் தணிதலும் அவற்றோ ரன்ன' என்று புறநானூறு 192இல் இருக்கிறது. அந்தப் பாட்டின் கருத்து வேறு, நோவதும் தணிவதும் பிறரால் வருவதில்லை என்கிறது, அதை நம் பணிக்குச் சான்றாகக் காட்ட நான் வரவில்லை. நோதலுக்கு எதிர்ச்சொல் தணிதல் என்று தமிழ் அன்றே பழகியிருக்கிறது, எனக்கு அது போதும்.

இரண்டு தடைகள் வரும் என்று நினைக்கிறேன். பழந்தமிழில் நோய் என்பதற்கே துன்பம் என்று பொருள் உண்டே, 'நோயெல்லாம் நோய்செய்தார் மேலவாம்' என்று குறளே சொல்கிறதே என்பீர்கள். உண்மை, இரண்டுக்கும் ஒரே வேர். ஆனால் இன்று நோய் என்றால் வியாதி மட்டும்தான், மருத்துவமனைச் சீட்டைப் படிப்பவர் உரையாசிரியரைத் துணைக்கு வைத்துக்கொள்ள முடியாது. அடுத்தது, எங்கள் பக்கம் கிராமத்தில் நோவு நொடி என்று வியாதியையும் சொல்வார்கள். அப்படி எடுத்துக்கொண்டாலும் நோய்த்தணிப்பைவிட மோசமாகிவிடாது, வயித்து நோவு என்று சொல்லாத ஊரும் இருக்காது.

சேர்த்துப் பார்த்தேன், தடங்கலில்லாமல் வருகிறது. துறைக்கு நோவுத்தணிப்பு மருத்துவம், மொத்தப் பணிக்கு நோவுத்தணிப்புப் பராமரிப்பு, அப்புறம் நோவுத்தணிப்புச் செவிலியர், நோவுத்தணிப்பு மையம். பேச்சில் 'நோவு தணிக்கிற டாக்டர்' என்று பாட்டி கூடச் சொல்லிவிடலாம், ஒரு கலைச்சொல்லுக்கு இந்தச் சோதனை முக்கியம் என்று நினைக்கிறேன். கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கான சொல்லைத் தனி இழையில் பேசலாம். மருந்து என்பதன் நாலு கூறுகளில் ஒருவராகக் குறள் 950 உழைச்செல்வானை வைத்திருக்கிறது, நோயாளியின் பக்கத்திலேயே இருப்பவர். தொடங்க நல்ல இடம் அது.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் அக்காவிடம் ஒரு கேள்வி. உங்கள் பக்கம் நோவு அன்றாடப் பேச்சில் எங்களைவிட அதிகம். மருத்துவமனை விடுதியில் ஒரு நோயாளியிடம் நோவுத்தணிப்பு என்றால் உடம்பு நோவு மட்டும் என்று எடுத்துக்கொள்வாரா, மனதும் சேர்ந்து வருமா? இலக்கணம் தெரிந்த ஐயா ஒருவர், நோவுக்கும் தணிப்புக்கும் இடையில் த் மிகுமா என்று உறுதி செய்தால் நல்லது, நான் மிகும் என்று வைத்து எழுதியிருக்கிறேன். எங்கள் ஊர்த் தன்னார்வலர்களுக்கு இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்று தயாராகிறது, அதில் இந்தச் சொல்லைப் போட்டு, அடியில் பாலியேட்டிவ் கேர் என்று தமிழ் எழுத்திலும் போடப்போகிறேன், சீட்டில் அதைப் பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்று என்று தெரிய வேண்டுமே. வரும் ஞாயிறுக்குள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள், அதற்குப் பிறகு அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.