கணினியோடு ஆடுவது: பழசா, புதுசா?

கோட்டையூரான்:
இப்போது வருகிற செஸ் ஆப் எதிலாவது லெவலைக் குறைத்து ஆடிப் பாருங்கள். பாதி ஆட்டம் வரை கிராண்ட்மாஸ்டர் மாதிரி வரும், திடீரென்று ராணியைச் சும்மா வெட்டுக் கொடுக்கும். பலமான இயந்திரத்தை வைத்துக்கொண்டு நடுநடுவே வேண்டுமென்றே தப்பு செய்யச் சொல்கிறார்கள். இதிலே ஜெயித்து என்ன சந்தோஷம்? டிவியில் மாட்டி ஆடுகிற அட்டாரி கருவிக்கு 1979இல் வந்த வீடியோ செஸ்ஸைப் பாருங்கள். இருந்ததே 128 பைட் நினைவகம். யோசிக்கும்போது திரையில் காயே தெரியாது, வெறும் வண்ணம்தான் மாறும். யோசிப்பதும் படம் வரைவதும் சேர்ந்து முடியாது அதற்கு. ஆனாலும் தன்னால் முடிந்த மட்டும் ஆடியது.

ஆத்தங்குடித் தம்பி:
அண்ணே, அந்த அட்டாரிக்கு மேல் லெவலில் ஒரு காய் நகர்த்த மணிக்கணக்காகும், அதையும் சொல்லுங்கள். பழைய நிரல்கள் சில நகர்த்தல் தூரம்தான் பார்க்கும். குதிரை எப்படியும் போகப்போகிறது என்றால், ஒரு சிப்பாயைக் கொடுத்து அதைத் தள்ளிப்போடும், அப்புறம் இன்னொரு சிப்பாய். இழப்பு கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போனால் தப்பித்துவிட்டதாக நினைப்பு. கடைசியில் சிப்பாயும் போய், குதிரையும் போகும். இதுவா முடிந்த மட்டும் ஆடுவது? 'ரேஸ் ஃபார் த கேலக்ஸி' சீட்டாட்டத்தின் 2017 ஆப்பில் ஆடிப் பாருங்கள். உள்ளே இருப்பது நரம்பு வலைப்பின்னல், அதாவது பழகிப் பழகிக் கற்றுக்கொள்கிற நிரல்; தன்னோடு தானே ஆடிப் பழகியது. அசந்தால் தொலைந்தோம்.

பள்ளத்தூர் பாண்டி:
தம்பி, அது ஒன்றும் புதுசு இல்லை. ஐபிஎம்மில் ஜெரால்ட் டெசாரோ 1992லேயே பேக்கேமன் என்கிற பகடை ஆட்டத்துக்கு இப்படி ஒரு நிரலைச் செய்துவிட்டார். அதன் பிந்தைய பதிப்பு தன்னோடு 15 லட்சம் ஆட்டம் ஆடியது. தொடக்கத்தில் பகடையில் 2-1 விழுந்தால் ஒற்றைக் காயைத் துணிந்து வெட்டுக்கு வைப்பதுதான் அதுவரை பெரிய ஆட்டக்காரர்கள் வழக்கம். அதைவிடப் பத்திரமான நகர்த்தல் இருக்கிறது என்று இந்த நிரல் காட்டியது, போட்டிகளில் எல்லோரும் மாறிக்கொண்டார்கள். பழசு, புதுசு என்று வருஷத்தை வைத்துப் பிரிப்பதே சரியில்லை.

கானாடுகாத்தான் ஆச்சி:
நீங்கள் செஸ்ஸிலேயே நில்லுங்கள். என் போனில் இருக்கிற தாயத்தில் அதற்கு வேண்டும்போதெல்லாம் தாயம் விழுகிறது. எனக்குக் காய் இறங்கவே இல்லை. எங்கள் வளவில் பித்தளைக் கட்டையை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் தேய்த்து, கல் தரையில் 'ணங்'கென்று விடுவோம். யார் கள்ளம் செய்தாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆத்தங்குடித் தம்பி:
ஆச்சி, நமக்கு விழுந்த தாயம் மறந்துவிடும், எதிராளிக்கு விழுந்தது மறக்காது. ஒவ்வொரு உருட்டையும் எழுதி வைத்து எண்ணிப் பாருங்கள். பேக்கேமன் நிரல்கள் மேலும் இதே புகார்தான். குனூ பேக்கேமன் என்கிற இலவச நிரலில் நாமே கையால் உருட்டி, விழுந்ததை உள்ளிட வழி இருக்கிறது.

கோட்டையூரான் அண்ணனுக்கு: 2020இல் வந்த மாயா செஸ் என்கிற நிரல், லைசெஸ் என்கிற இணையச் செஸ் தளத்தில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களிலிருந்து கற்றது. தரப்புள்ளி 1100 முதல் 1900 வரை அந்தந்தத் தரத்து ஆள் செய்கிற தப்பையே அதுவும் செய்யும். வேண்டுமென்றே ராணியைத் தூக்கிக் கொடுக்காது.

கோட்டையூரான்:
மாயா நல்லதுதான் தம்பி, மறுக்கவில்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு விற்கிற ஆப்பில் அதை ஏன் வைப்பதில்லை? பத்து லெவல் என்று போட்டு பத்திலும் அதே கூத்து. என் சண்டை அவர்களோடுதான்.

கானாடுகாத்தான் ஆச்சி:
கையால் உருட்டிப் போடுகிற மாதிரி தாயத்துக்கு ஒன்று இருந்தால் சொல்லுங்கள். கட்டை என்னிடம் இருக்கிறது.